நேரே இரண்டாம் ஆண்டுக்கு

விஜயகலா கேகாலையில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் கணக்கியல் டிப்ளோமா முடித்திருந்தாள். ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய்ச் சிங்களத்தில் படித்த படிப்பு அது. பட்டப்படிப்புக்குக் கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் விசாரித்தபோது, டிப்ளோமாப் பாடங்களைக் கணக்கில் எடுத்து நேரே இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் அந்தப் பாடங்களில் ஒரு தேர்வு எழுதிக் காட்ட வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில்.

ஐந்தொகைக் கணக்குப் போடச் சொன்னால் தயங்காமல் போடுவாள். அதை ஆங்கிலத்தில் விளக்கச் சொன்னால் வாயே திறக்காது. முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கினால் இன்னொரு வருஷத்தையும் அம்மாவின் தலையில் சுமத்த வேண்டும். அம்மா சுப்பம்மாவோ முழங்கால் வலியோடுதான் ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தாள்.

கூடப் படித்த றமீலாவின் நினைவு வந்தது. கண்டியில் பள்ளிக்கூடம் போனவள், ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. டிப்ளோமா முடித்த கையோடு வரக்காப்பொலவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். சில சொற்களுக்கு அர்த்தம் கேட்கத்தான் விஜயகலா போனாள்.

“சொல் மட்டும் தெரிஞ்சி சரிவராது. ஞாயித்துக்கிழமைல வா, முழுசாப் படிப்போம்” என்றாள் றமீலா.

அப்படியே நடந்தது. மடியில் குழந்தையோடு வெங்காயம் உரித்துக்கொண்டே றமீலா ஆங்கிலத்தில் கேள்வி கேட்பாள். விஜயகலா சிங்களத்துக்குத் தாவினால் விடமாட்டாள். தேய்மானத்தை விளக்க, முற்றத்தில் கணவன் கபூர் பழுதுபார்த்துக்கொண்டிருந்த பழைய வேனைக் காட்டினாள். சாப்பிடாமல் ஒருநாளும் அனுப்பியதில்லை. வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டு விஜயகலா தோட்டத்தில் காய்த்த ஈரப்பலாக்காய் கொண்டுபோவாள்.

தேர்வில் புள்ளிவிவரவியல் மட்டும் போய்விட்டது. மற்றதெல்லாம் தேறியதால் இரண்டாம் ஆண்டில் இடம் கிடைத்தது; போன பாடத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றார்கள்.

“அப்ப ஒரு வருசம் கொறஞ்சிருச்சா?” என்று கேட்டாள் சுப்பம்மா.

“கொறஞ்சிருச்சும்மா.”

சுப்பம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “மொதல்ல அந்தப் புள்ளகிட்ட போய்ச் சொல்லிட்டு வா. கோயிலுக்கு நாளைக்குப் போவோம்.”

பஸ்ஸில் விஜயகலா என்னென்னவோ சொல்ல யோசித்துப் போனாள். றமீலாவைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இல்லாட்டி இது நடந்திருக்காது றமீலா” என்று மட்டும் சொன்னாள்.

“எனக்கும் நல்லதுதான். ஒனக்குச் சொல்லிக் குடுக்கப் போய் நான் மறந்ததெல்லாம் திரும்ப வந்திட்டு.”

குழந்தையைத் தோளில் போட்டபடி உள்ளே வந்த கபூர், பல்கலைக்கழகத்தின் அடுத்த சேர்க்கைத் தேர்வு எப்போது என்று விஜயகலாவிடம் கேட்டார். சித்திரைக்குப் பிறகு என்றாள் அவள்.

“அப்ப றமீலாவும் எழுதட்டும். புள்ளைய நான் பாத்துக்கொள்றேன்.”

றமீலா கணவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். விஜயகலாவின் கண்கள் நிறைந்துவிட்டன. தனக்கு இடம் கிடைத்த சேதி வந்தபோதுகூட அவள் அழவில்லை.