ஓர்ஃபா முதலில் படுப்பாள்

ஓர்ஃபாவை எனக்குப் பிடிக்காது. காரணம் கேட்டால் ஆயிரம் சொல்வேன். உண்மை என்னவென்றால், அவள் போடும் மேஜையில் படுத்தவர்களுக்கு எழுந்து போகவே மனம் வராது.

வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சிப் பின்புறத்தில் ஏற்றிக்கொள்ள எங்கெங்கிருந்தோ பெண்கள் காலி என்ற எங்கள் நகரத்துக்கு வருவார்கள். ஆபரேஷன் முடிந்து பதினைந்து நாள், நாங்கள் வேலை பார்க்கும் பராமரிப்பு வீட்டில் தங்குவார்கள். உடம்பில் கோத்த நீர் வடியும்படி தினமும் நீவிவிடுவது நானும் ஓர்ஃபாவும். பின்புறமும் அழுந்தக் கூடாது, வயிறும் அழுந்தக் கூடாது. அதனால் மேஜை போடுவதில்தான் பாதி வேலை. நெஞ்சுக்கு ஒரு தலையணை, இடுப்பெலும்புக்கு ஒன்று, நடுவில் வயிற்றுக்குப் பள்ளம். கணுக்காலுக்குச் சுருட்டிய துண்டு. முகம் வைக்கிற ஓட்டையைச் சுற்றி மெத்தென்று துணி.

என் விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. ஓர்ஃபா அதோடு விடமாட்டாள். ஒவ்வொருத்தி வருவதற்கு முன்பும் ஷூவைக் கழற்றிவிட்டுத் தானே குப்புறப் படுத்துப் பார்ப்பாள். எங்கே குத்துகிறது, எங்கே இழுக்கிறது என்று ஒரு நிமிடம். தூங்குவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் ஊரிலேயே இவள் ஒருத்திதான் என்று எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்வேன். அவள் சிரித்துக்கொண்டே என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள்.

"நீயும் ஒரு நாள் படுத்துப் பாரு நாயிபே. உன் மேஜைல கழுத்து எப்படி வலிக்குதுன்னு தெரியும்."

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

பிப்ரவரியில், எங்களுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்த டாக்டர் வேறு வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார். முதலாளி டோன்யா மிரெயா எங்கள் இருவரையும் கூப்பிட்டு, இனி ஒருத்திதான் என்றாள். பாஸ்தோ ஊரிலிருந்து ஆபரேஷனுக்கு வந்திருந்த ஓர் ஆசிரியை வெள்ளிக்கிழமை காலை ஓர்ஃபாவின் மேஜையிலும், மாலை என் மேஜையிலும் படுப்பாள். அவள் கைகாட்டுகிறவளுக்கு வேலை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த வேலை போனால் வேறு யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆசிரியை யாரைக் காட்டுவாள் என்பதும் எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை, ஓர்ஃபா மேஜையைத் தயார் செய்துவிட்டு ஆசிரியையைக் கூட்டிவரப் போனாள். நான் அவள் அறைக்குள் நுழைந்தேன். மேஜையின் தலைப்பக்கத்து இடது காலில், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று உண்டு. அதைக் கடைசிச் சுற்றுவரை தளர்த்தினேன். நோயாளி விழுந்துவிடுவாளே என்று நான் கொஞ்சமும் பயப்படவில்லை. முதலில் படுக்கப்போவது யார் என்று எனக்குத் தெரியும்.

ஆசிரியை கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஓர்ஃபா படுத்தாள். மேஜை சாய்ந்தது. தரையில் வலது கையை ஊன்றினாள். மணிக்கட்டு உடைந்த சத்தம் எனக்கும் கேட்டது. திருகைக்கூட ஒழுங்காக இறுக்கத் தெரியாதா என்று டோன்யா மிரெயா அவளைத் திட்டினாள். நானும் சும்மா இருக்கவில்லை.

"மேஜைல படுக்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன்? கேட்டாளா?"

வேலை எனக்குக் கிடைத்தது. கூடவே ஒரு சட்டமும் வந்தது. அன்று நோயாளி படுத்திருந்தால் வீட்டையே இழுத்து மூடியிருப்பார்கள் என்று டோன்யா மிரெயா பயந்துபோனாள். இனி யார் மேஜை போட்டாலும் அவர்களே முதலில் படுத்துப் பார்க்க வேண்டும் என்றாள். அந்த வீட்டில் மேஜை போடுவது நான் ஒருத்திதான். ஒரு நாளைக்கு ஆறு தடவை படுத்தேன். ஓர்ஃபா சொன்னது சரி. கழுத்து வலித்தது.

மூன்று மாதம் கழித்து, கட்டுப் பிரித்த கையோடு ஓர்ஃபா வந்தாள். விரல்கள் பாதிதான் மடங்கின. டோன்யா மிரெயாவுக்கு மனம் இளகிவிட்டது. பத்து நாள் அந்தக் கையை நீவிவிடச் சொல்லி என்னிடம் அனுப்பினாள். நான் அதே மேஜையில் விரிப்பைப் போட்டு, கைக்குக் கீழே வைக்கத் துண்டைச் சுருட்டினேன்.

"நீ முதல்ல படு. அதானே சட்டம்" என்றாள்.

படுத்தேன். ஓட்டை வழியாகத் தரையும் அவளுடைய கறுப்பு ஷூவும் தெரிந்தன. ஷூ நகர்ந்து மேஜையின் இடது காலுக்குப் பக்கத்தில் நின்றது. அவள் மெல்ல மண்டியிட்டாள். கோணிய விரல்கள் திருகைப் பிடித்தன. திருகு அசையவில்லை.

"அன்னைக்கு இதை நல்லா இறுக்கிட்டுத்தான் போனேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. "இப்ப பாரு, திருகவே முடியல."

எனக்கு எழுந்திருக்கப் பயம்.

"பரவால்ல. இடது கையைப் பழக்கிட்டு வர்றேன்" என்றாள்.

இன்று ஏழாவது நாள். இப்போதுதான் விரிப்பைப் போட்டு முடித்தேன். படியில் அவள் ஷூ சத்தம் கேட்கிறது.