தம்பிதுரை தலைக்கு ஏறிய பாசி

1996ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், ஆர்.எஸ்.புரத்தில் குடியிருந்த தம்பிதுரையின் வழுக்கைத் தலையில் கடல்பாசி முளைத்தது. அன்று வெள்ளிக்கிழமை, லேசான தூறல் இருந்தது. மோட்டார் பம்பு பட்டறை வைத்திருந்த அவர், இரண்டு வருடங்களுக்கு முன் கூடத்தில் நான்கடிக் கண்ணாடித் தொட்டி வாங்கிப் போட்டு, பொன்னானியிலிருந்து டெம்போவில் கேன் கேனாகக் கடல்நீர் கொண்டுவந்து, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஆறு மீன்களை விட்டார். தொட்டியைக் கிழக்கு ஜன்னலோரம் வைத்ததும், மீன்கள் வாயைத் திறக்கும்போதெல்லாம் பசிக்கிறது என்று எண்ணித் தீனி போட்டதும்தான் தப்பாகப் போயிற்று. மூன்றே மாதத்தில் முடி முடியாகப் பச்சைப்பாசி படர்ந்து, மீன்கள் இருக்கும் இடமே தெரியவில்லை. பிரஷ் போட்டுத் தேய்த்தார். தீனியைப் பாதியாகக் குறைத்தார். கம்பளியால் மூடி மூன்று நாள் இருட்டில் வைத்தார். பாசி தின்னும் என்று வாங்கிவிட்ட இருபது நத்தைகள் ஒரு வாரம் தின்றன, பிறகு தூங்கின. இரண்டு மீன்கள் செத்தன. இப்படியே இரண்டு வருடம் போராடி, கடைசியில் அந்த வெள்ளிக்கிழமை தலையைத் தொட்டிக்குள் விட்டுக் கையாலேயே பிடுங்கிப் பார்த்தார். நிமிர்ந்தபோது பாசி மொத்தமும் அவர் தலைக்கு மாறியிருந்தது. தண்ணீர் பளிங்காகக் கிடந்தது.

"ஏனுங்க, நல்லாத்தானுங்க இருக்குது," என்றார் மனைவி பாவாத்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் கணவன் தலைக்கு அவர் சீப்பு எடுத்தது அன்றுதான். காலையும் மாலையும் உப்புத்தண்ணீர் தெளித்தால் போதும், வாடவில்லை. பட்டறை ஆட்கள் இரண்டு நாள் பார்த்தார்கள்; மூன்றாம் நாள் கரண்ட் கட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

தை பிறந்ததும் மகள் புவனாவைப் பெண் பார்க்கக் கிணத்துக்கடவிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை சபரீஷ். அவர் தாயார் பாப்பாயி முகத்துக்கு நேரே பேசிவிடுகிறவர் என்று முன்பே தகவல் வந்திருந்ததால், தம்பிதுரை காலையிலேயே பாசியை மழுங்க வழித்துவிட்டிருந்தார். காபி வரும் நேரம் தொட்டி மறுபடி பச்சையாகி, நான்கு மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்தன.

"மீனுக்கு மூச்சு முட்டுதுங்கப்பா," என்றாள் புவனா, தட்டைப் பிடித்தபடியே.

தம்பிதுரை வந்தவர்களைப் பார்த்தார், மீன்களைப் பார்த்தார். சம்பந்தம் கைவிட்டுப் போய்விடுமே என்று நினைத்தார். ஆனாலும், "ஒரு நிமிசமுங்க," என்று சொல்லிவிட்டுத் தலையைத் தொட்டிக்குள் விட்டார். நிமிர்ந்தபோது தோள்வரை பச்சை முடி சொட்டிக்கொண்டிருந்தது.

பாப்பாயி எழுந்து வந்து ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "ஒட்டு முடிங்களா?"

"இல்லீங்க. சொந்தமுங்க."

"அப்பறமென்னங்க. நீங்க மறைக்காம காட்டிப்போட்டீங்க. இவனுக்கு இருவத்தெட்டு வயசுலயே முன்மண்டை தெரியுது. நாங்க அதைச் சீவி மறைச்சுத்தான் கூட்டியாந்திருக்கறோம்."

சபரீஷ் மெதுவாக நெற்றியைத் தடவிக்கொண்டார். புவனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வைகாசியில் நாள் குறித்தார்கள்.

கல்யாணத்தன்று வாசலில் நின்று வரவேற்றபோது, பாப்பாயி தம்பிதுரையைத் தன் சொந்தக்காரர்களுக்குக் காட்டி, "பொண்ணோட அப்பாருங்க. மோட்டார் பட்டறை வெச்சிருக்கறாருங்க," என்றார். அவர்கள் ஈரம் சொட்டும் பச்சைத் தலையை ஒருமுறை பார்த்தார்கள். எண்ணூறு அடி போர்வெல்லுக்கு எத்தனை எச்.பி. மோட்டார் இறக்கலாம் என்று விசாரித்துவிட்டுப் பந்திக்குப் போனார்கள்.