சந்தனமாரியின் ஓட்டு

எங்கள் வார்டில் செத்தவர்களுக்கும் ஓட்டுக்குப் பணம் உண்டு. வீட்டில் யாராவது கவரை வாங்கிவிட்டால் செத்தவர் வந்துவிடுவார். ஓட்டுப் போட்டதும் போய்விடுவார். போன தேர்தலுக்கு மாடிவீட்டுப் பரமசிவம் வந்திருந்தார். மோட்டாரை அணைக்காததற்கு மகனைத் திட்டிவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

எனக்கு இந்தப் பழக்கமே பிடிக்காது. காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுகிறவனெல்லாம் ஒரு மனுஷனா என்று டீக்கடையில் சத்தம் போடுகிற ஆள் நான்.

இந்த முறை வட்டச் செயலாளர் அய்யாத்துரை இரண்டு கவர் கொண்டுவந்தான்.

“ஒண்ணு உங்களுக்கு அண்ணாச்சி. இன்னொண்ணு மதினிக்கு.”

என் மனைவி சந்தனமாரி ஐப்பசியில் இறந்துபோனாள். என் கவரைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் கவரைக் கொடுக்க மனசு வரவில்லை.

“மதினி நம்ம சின்னத்துல போட்டாவன்னா அடுத்த எலெக்சன் வரைக்கும் உங்ககூடவே இருக்கலாம். மேலிடத்துல பேசியாச்சு” என்றான் அய்யாத்துரை.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். அடுப்படியில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

“இந்தத் தோசைக்கல்ல என்ன பண்ணி வச்சிருக்கீய?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் கையிலிருந்த கவரைப் பார்த்தாள்.

“உசுரோட இருக்கையில ஒரு தடவ வாங்கியிருப்பனா? செத்த பெறவு என்னய விக்கீயளே!”

“வாங்கலன்னா நீ வந்திருக்க மாட்டியே சந்தனம்.”

அதற்கு மேல் அவள் திட்டவில்லை. தோசை ஊற்றினாள். நான் வயிறு முட்டத் தின்றேன்.

காலையில் ஓட்டுப் போடப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வாசலில் நின்ற அய்யாத்துரையின் சட்டைப் பையில் கவரைத் திணித்தாள்.

“வந்தது வந்ததுதான் மதினி. போட்டுட்டுத்தான் போவணும்” என்று சிரித்தான்.

ஆண்கள் வரிசையும் பெண்கள் வரிசையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நாங்கள் நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டுகொண்டே போனது. எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். எனக்கு இன்னும் நீளட்டும் என்றிருந்தது.

“பிரஷர் மாத்திரை போடுதீயளா?”

“போடுதேன்.”

“பொய்.”

கெஞ்சிப் பார்த்தேன். “ஒரே ஒரு அமுக்கு. அவன் சின்னத்துல அமுக்கிட்டு வா. வீட்டுக்குப் போயிருவோம்.”

“எனக்கு மூச்சு முட்டுனன்னைக்கு ஆஸ்பத்திரில டாக்டர் இருந்தாரா?”

“இல்ல.”

“இவங்கதான ஜெயிச்சிருந்தாங்க?”

“ஆமா.”

“பெறவு?”

“நீ என்கூட இருப்பியே.”

அவள் தனக்கு முன்னால் நின்ற பெண்ணைக் கண்ணால் காட்டினாள். “இந்தப் பிள்ளைக்கு ஏழு மாசம். இதுவும் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போவும்.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தப் பிள்ளை யாரென்றே எங்களுக்குத் தெரியாது.

தாழ்வாரம் ஒருவழியாக முடிந்தது. அதிகாரி உயிரோடு இருந்தவர்களிடம் அடையாள அட்டை கேட்டார். செத்தவர்களிடம் கேட்கவில்லை. “அவங்க எதுக்குப் பொய் சொல்லப் போறாங்க?” என்றார். அதுவும் சரிதான்.

சந்தனமாரி மறைப்புக்குப் பின்னால் போனாள். மேசைக்கு அடியில் அவள் பாதம் தெரிந்தது. எந்திரம் கூவியது. பாதத்தைக் காணவில்லை.

அய்யாத்துரை வந்து என் காதில் சொன்னான். “மாத்தி அமுக்கிட்டாவ அண்ணாச்சி. இன்னும் ஒண்ணும் கெட்டுப் போவல. நீங்க நமக்குப் போடுங்க. சாயந்தரத்துக்குள்ள மதினியக் கூட்டியாந்துருதேன்.”

விரலில் மை வைத்தார்கள். மறைப்புக்குப் பின்னால் போனேன். பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். அய்யாத்துரையின் சின்னம் சில்லென்று இருந்தது. வேறொன்றில் மட்டும் சூடு இருந்தது. அவள் விரல் சூடு எனக்குத் தெரியாதா?

அதன் மேலேயே அமுக்கினேன். எந்திரம் கூவி ஓய்ந்தது. விரலை எடுக்கவில்லை.

“போட்டாச்சுல்ல, வாங்க சார். அடுத்த ஆளு நிக்காங்க” என்றார் அதிகாரி.

“செத்த இருங்க சார்” என்றேன். “இன்னும் ஆறல.”