அவளுக்காக ஒதுக்கிய நான்கு மணி

1

அன்று மாலை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: என் மகள் கேரல், அவள் கணவன் க்ளென், கேரல் வேலை பார்க்கும் பெண்கள் ஆலோசனை மையத்தில் அவளுக்கு மேலதிகாரியான ரமா, நான். வேறு யாரும் இல்லை. வீட்டுப் பேச்சு வெளியே போனால் யார் வாய் வழியாகப் போனது என்று தெரிய வேண்டும். இந்தத் தடவை என் வாய்.

கதை அந்த மேசையில்தான் பிறந்தது. காபியைத் தொடாமல் கேரல் சொன்னாள்: "நான் கத்திட்டேன் ரமாக்கா. அப்புறம் மூணு வாரமா அவ வரல."

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'கணவனிடம் அடிபட்ட ஒரு பெண், பெங்களூர் நீலசந்திராவிலிருந்து…'

நீக்கிவிட்டேன். அவள் பெயரோ தெருவோ எனக்குத் தெரியாது. கேரல் சொல்ல மாட்டாள். நானே ஒரு பெயர் வைத்துப் பார்த்தேன். வைத்ததும் அவள் எனக்குச் சொந்தக்காரி போல…

வேண்டாம். கேரலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

[இரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். எவை என்று கேட்காதீர்கள்.]

வியாழக்கிழமைகளில் குழந்தை இயேசு கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, அந்தப் பெண் நான்கு மணிக்கு மையத்துக்கு வருவாள். ஏழு வாரம் வந்தாள். எட்டாவது வாரம் உதடு கிழிந்திருந்தது. "அவர் மனசு நல்லவர்தான் மேடம்" என்றாள்.

கேரலுக்குப் பொறுக்கவில்லை. "இன்னும் என்னதான் பண்ணணும் அவன்? எதுக்கு அங்கயே இருக்க?"

தன் குரல் ஏறியதைக் கேரலே கேட்டாள். அந்தப் பெண் தோளை ஒடுக்கிக்கொண்டு, "சாரி மேடம், இனிமே சொல்ல மாட்டேன்" என்றாள். வீட்டில் அவனிடமும் இதே குரலில்தான் சொல்வாள் என்று கேரலுக்கு அப்போது புரிந்தது.

3

"ஒரு போன் போட்டுக் கேட்டுடேன்" என்றான் க்ளென்.

"போன் அவன் கையில இருக்கும். நாங்க கூப்பிடறதில்ல. அவங்களாதான் வரணும்."

"அந்தக் கோபம் உன்னோடது கேரல், அவ தலையில இறக்கிட்ட" என்றார் ரமா. "எனக்கும் ஆயிருக்கு. அந்த நாலு மணிய வேற யாருக்காவது குடு."

"குடுக்க மாட்டேன்."

"கல்யாணத்தன்னிக்கு சர்ச்சுக்கு நான் அஞ்சு நிமிஷம் லேட்டா வந்ததுக்கு, கல்யாணமே வேணாம்னு கார்ல ஏறினவ இவ. இப்ப மூணு வாரமா காத்திருக்கா" என்றான் க்ளென். கேரல் மட்டும் கொஞ்சம் சிரித்தாள்.

4

வியாழன்தோறும் நான்கிலிருந்து ஐந்து மணி வரை கேரல் காலி நாற்காலியின் எதிரே உட்கார்ந்திருப்பாள். பிறகு நேராகக் கோயில் வாசலுக்குப் போய், நவநாள் ஜெபத்துக்கு வரும் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். "பார்த்தாலும் பேச மாட்டேன்ப்பா. உயிரோட இருக்காளான்னு தெரிஞ்சா போதும்."

ஒருநாள் நான் அங்கேயே போய்ச் சொன்னேன்: "தெருவே பார்க்குது. நம்ம வீட்டுப் பொண்ணு இப்படி நிக்கக் கூடாது. கிளம்பு."

மேசையில் சொன்னதற்கு மேல் அந்தப் பெண்ணைப் பற்றி வாய் திறக்காதவள் அன்று ஒன்றே ஒன்று சொன்னாள்: "அவளும் ரெண்டு தடவ அப்பா வீட்டுக்குப் போனாளாம். தெரு பார்க்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாராம்."

(இந்த இடத்தை மூன்று முறை நீக்கினேன். மறுபடி எழுதியிருக்கிறேன். குடும்ப மானம் பார்க்கிறவன் தன் மானத்தைக் குறைக்கும் வரியையும் விட்டுவைக்க வேண்டும்.)

5

முடிவு ஒன்று: நான்கு மணிக்குக் கதவு திறக்கிறது; அவள் நிற்கிறாள். கேரலிடம் படிக்கக் கொடுத்தேன். "இப்படி வந்தா நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லி, தாளை நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

முடிவு இரண்டு: செய்தித்தாளின் மூலையில் நான்கு வரி. எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன்.

மூன்றாவதை எழுதும் உரிமை எனக்கில்லை. அது அவளுடையது. அதுவரை நீங்கள் எதை விரும்புகிறீர்களோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. க்ளென் அடிக்கிறானாம், அதனால்தான் கேரல் வியாழன்தோறும் கோயில் வாசலில் தனியாக நிற்கிறாளாம். எங்கள் விவேக் நகரில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. க்ளென் அவள்மேல் கை ஓங்கியதில்லை. தனியாக என்பதும் தவறு. பக்கத்தில் நான் நிற்கிறேன்.