சீனர்கள் கேட்ட அடி

பறை என்றாலே சாவு என்று நினைப்பவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணத்துக்கு ஒரு அடி, திருவிழாவுக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி என்று எங்களுக்குத் தனித்தனியாக உண்டு. சாவு அடியை மட்டும், மனைவி மாசமாக இருப்பவன் தொட மாட்டான். பிள்ளைத்தாச்சியின் புருஷன் பாடை தூக்கக் கூடாது அல்லவா, அதுபோலத்தான். என் வடிவுக்கு அப்போது எட்டாம் மாதம்.

நான் அபுதாபி பக்கம் முசஃபாவில் வெல்டர். கம்பெனி சீனக்காரர்களுடையது. தங்கள் புத்தாண்டுக்குச் சீனாவிலிருந்து பெரிய வாத்தியக் குழுவை வரவழைத்தார்கள். விருந்தாளியாக ஓர் இந்தியனும் வாசிக்கட்டும் என்றார்களாம். நான் பறை அடிப்பவன் என்று தெரிந்து, மேனேஜர் சிவசங்கரன் சார் என்னைத் தள்ளிவிட்டார்.

ஒத்திகையில் கல்யாண அடி அடித்தேன். குழுத் தலைவர் உதட்டைப் பிதுக்கினார். திருவிழா அடிக்கும் அதேதான். போர்க்களப் பாட்டாம், கனமாக வேண்டுமாம். தன் முரசில் அவரே தட்டிக் காட்டினார். அச்சு அசல் எங்கள் சாவு அடி.

"சார், இத மட்டும் அடிக்க மாட்டேன். வீட்ல பிள்ளத்தாச்சி இருக்கா."

"இந்தக் காலத்துலயுமாப்பா? பிரசவத்துக்கு லீவு கேட்டேல்ல? அடி, அடுத்த மாசம் பாஸ்போர்ட்டைக் கையில தர்றேன். இல்லேன்னா லீவு மாஃபி, கிடையவே கிடையாது."

பிரசவத்தின்போது அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்காகவே ஒப்புக்கொண்டேன்.

மேடையில் தீ மூட்ட விடவில்லை. விளக்குச் சூட்டில் பறைத் தோலைக் காய்ச்சினேன். முரசு தொடங்கியது, நானும் சேர்ந்தேன். பட்டுச் சட்டைக்காரர்கள் தலையாட்டித் தலையாட்டி வாசித்தார்கள். முன்வரிசைச் சீனர்கள் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். பின்வரிசையில் நம் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, பிணம் போகும் தெருவில் நிற்பதுபோல் நின்றார்கள். எனக்குப் பயமாக இருந்தது. நிறுத்தவும் முடியவில்லை.

இறங்கியதும் என் ரூம்காரன் அழகுமலையைப் பிடித்தேன். "ஏண்டா எந்திரிச்சீங்க?"

"யாரும் சொல்லலடா. காலு தானா எந்திரிச்சிருச்சு."

மறுநாள் காலை சிவசங்கரன் சார் சைட்டுக்கே வந்தார். வெயிலில் இறங்குகிற ஆளே அல்ல அவர். கையில் என் பாஸ்போர்ட்டும் ஒரு டிக்கெட்டும் இருந்தன.

"அடுத்த மாசந்தானே சார்?"

"இன்னிக்கே கிளம்பு பாஸ்கர். வண்டி நிக்குது."

ஒரு நாள் லீவுக்கும் ஆளைக் கெஞ்ச வைக்கிற மனிதர், என் தோளில் கை போட்டிருந்தார்.

"வடிவுக்கு வலி வந்துருச்சா சார்?"

அவர் குனிந்து என் டூல் பையைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.