ஜன்னல் இல்லாத கேபின்

கும்மிடிப்பூண்டி வார்ப்பட ஆலையில், ஹாலின் ஜன்னலோரம் உட்கார்ந்தே முடி நரைத்த ஜெரால்டுக்கு ஒருவழியாக கேபின் கிடைத்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, பெயர்ப்பலகை. ஜன்னல் மட்டும் இல்லை. அதிகாரியானவனுக்கு வெளியே பார்க்க என்ன இருக்கிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

மீஞ்சூர் வீட்டுச் சமையலறை ஜன்னலில் தழைத்த மணிபிளான்ட்டிலிருந்து ஒரு கொடியைத் தொட்டியில் நட்டுக் கொடுத்தனுப்பினாள் மனைவி விக்டோரியா. ஆயுத பூஜையன்று ஆலைக்குள் குடும்பத்தாரை விடுவார்கள். அன்று கேபினையும் செடியையும் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள்.

ஜெரால்ட் செடியைத் தன் நாற்காலிக்குப் பின்னால், ஏசிக்கு நேர் கீழே வைத்தார். பெரிய மனிதர்களுக்குப் பின்னால் ஒரு செடி இருந்தாக வேண்டும். வருகிறவர்களிடமெல்லாம், செடி வளர்ப்பதும் ஆட்களை நிர்வகிப்பதும் ஒன்றுதான் என்று விளக்கினார். கேட்டுக் களைத்தவர்கள், சாருடைய செடியாயிற்றே என்ற மரியாதையில், பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை அதில் ஊற்றிவிட்டுப் போனார்கள்.

இலைகள் மஞ்சளாயின. ஜெரால்ட் பதறிப்போய்த் தன் பங்குக்கும் ஊற்றினார்.

ஒரு மதியம், சாப்பாட்டு மயக்கத்தில் கண் செருகியது. பாதங்களுக்கடியில் ஈரம். அவர் வேர்விட்டிருந்தார். கழுத்தில் குளிர் இறங்கிக்கொண்டேயிருந்தது. விரல் நுனிகளில் இலைகள் பிரிந்து, கண்ணாடிக் கதவைக் கடந்து, பழைய ஜன்னலைத் தேடி நீண்டன. அங்கே ஆலைப் புகையினூடே வெளிச்சம் பாலாய் வழிந்தது. ஒரு கூட்ஸ் வண்டி சத்தமேயில்லாமல் மிதந்து போனது. யாரோ மரியாதையோடு அவர் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேயிருந்தார்கள். போதும் என்று சொல்ல அவருக்கு வாயில்லை.

விழித்தால், டைப்பிஸ்ட் ஈஸ்வரி பாட்டிலும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள்.

"கொஞ்சம் ஊத்தட்டா சார்?"

"வேணாம்மா. அது நீச்சல் கத்துக்கினு இருக்குது."

அன்றே தொட்டியைக் கவிழ்த்தார். அழுகிய வேர்களை நறுக்கினார், அடியில் ஓட்டை போட்டார், மணல் கலந்த புது மண்ணில் நட்டு, நேர்வெயில் படாத அந்தப் பழைய ஜன்னலோரம் வைத்தார். மண் காய்ந்தால்தான் தண்ணீர், அதுவும் தன் கையால்தான் என்று சட்டம் போட்டார். சட்டத்துக்குக் காவல் வேண்டுமே என்று லேப்டாப்பையும் அங்கேயே தூக்கி வந்துவிட்டார்.

ஆயுத பூஜையன்று விக்டோரியா கேபினைத் திறந்து பார்த்தாள். ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவரைத் தேடி ஹாலுக்கு வந்தவள், சுருள் பிரியாத புதுத் தளிரைத் தொட்டாள்.

"கேபினு இன்னாங்க ஆச்சு?"

"வெளிச்சம் பத்தல."

"யாருக்கு?"

ஜெரால்ட் தொட்டி மண்ணை விரலால் தொட்டு ஈரம் பார்த்தார்.

ஓடுகிற மெஷினுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர்கள் தொட்டிக்கு ஒன்று வைத்தார்கள். கொஞ்சம் யோசித்து, ஜெரால்டின் மேஜைக்கும் ஒன்று. பிறகு, கேபினைக் கடந்து போய்விட்டார்கள்.