மேனேஜர் அறையைக் காலி செய்கிறார்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னது. தூங்குவதுபோல் நடித்துப் பார்த்தேன், விடவில்லை. என் மடியில் இருந்த தாள்களைப் பார்த்துவிட்டு, "கதை எழுதறவரா சார்?" என்றார். ஆமாம் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வாழ்நாள் முழுக்க ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் மேனேஜர் என்றுதான் பெயர். வெள்ளி ராத்திரியே போய், சனி, ஞாயிறு மகள் வீட்டில் தங்கிவிட்டுத் தன் வீட்டுக்குத் திரும்புகிறார். சொல்லி முடித்ததும் அவர் நிம்மதியாகத் தூங்கிவிட்டார். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: அந்தி சாயும் வேளையில், ஜன்னலோரம் அமர்ந்திருந்த முதியவரின் கண்களில்...

(வேண்டாம். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது நான்.)

இரண்டாம் தொடக்கம்: முதுமையின் தனிமை என்பது

(இப்படி ஆரம்பிக்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

மூன்றாவது: ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததும் மேனேஜர் மெத்தை விரிப்பை உருவி மடித்தார். தலையணை உறையைக் கழற்றி அதன்மேல் வைத்தார். வாஷ்பேசினைத் துடைத்தார். எதையாவது விட்டுவிட்டோமா என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அறை அவருடைய பேத்தியுடையது. அவள் இரண்டு நாளாக ஹாலில் படுத்திருந்தாள்.

"தாத்தா, இனிமே என் ரூம் எனக்கா?" என்று வாசலில் நின்று கேட்டாள்.

"பன்னெண்டு மணிக்கு மேல உனக்குத்தான்," என்றார் மேனேஜர்.

இதையே வைத்துக்கொள்வோம்.

3

விஷயத்துக்கு வருகிறேன். மேனேஜர் குடியிருக்கும் வீட்டை அதன் சொந்தக்காரர் திருப்பிக் கேட்கிறார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மகளுக்கு இது தெரியாது. "இன்னும் கொஞ்ச நாள் இருங்கப்பா" என்று அவள் ஒரு பேச்சுக்குச் சொன்னால்கூடப் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொல்லிவிடலாம் என்றுதான் போனார். ஒவ்வொரு முறை அவள் டீ கொண்டுவரும்போதும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார்.

"சர்க்கரை போதுமாப்பா?"

"போதும்மா."

இரண்டு நாளும் பேச்சு சர்க்கரையைத் தாண்டவில்லை.

"நீங்களே கேட்டிருக்கலாமே," என்றேன்.

"கேட்டா மாட்டேன்னா சொல்லுவா? இல்லன்னு சொல்ல முடியாத இடத்துல ஒருத்தரக் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது சார்."

4

(இது அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது. இடம் போதவில்லை.)

லாட்ஜில் அவர் ஒரு விதி வைத்திருந்தாராம். தங்கியவர் பெட்டியோடு கீழே இறங்கிவிட்டால், இன்னும் ஒரு நாள் இருங்களேன் என்று எவனும் வாயைத் திறக்கக் கூடாது. "வியாபாரத்துக்குச் சொல்றான்னு நெனப்பாங்க சார். நல்லபடியா போயிட்டு வாங்க, அவ்வளவுதான். என் பொண்ணு ஸ்கூல் விட்டு வந்து ரிசப்ஷன்லதான் வீட்டுப்பாடம் எழுதுவா. அவளுக்கு எல்லாம் அத்துப்படி."

பெருமையாகச் சிரித்தார். தான் சொன்னது என்ன என்று அவருக்கு உறைக்கவே இல்லை. எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது.

ஞாயிறு மத்தியானம் அவர் பெட்டியோடு ஹாலுக்கு வந்தபோது மகள் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"நல்லபடியா போயிட்டு வாங்கப்பான்னா."

5

இனி வருவது முழுக்கப் புளுகு. அந்த மகளை நான் பார்த்ததே இல்லை.

அவர் போனபின் அவள் அறைக்குள் வந்தாள். மடித்த விரிப்பைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "பாருங்க, இதையும் லாட்ஜாத்தான் நெனச்சுட்டிருக்கார்," என்றாள் கணவனிடம். "இருங்கன்னு சொல்ல நாக்கு வரைக்கும் வந்துச்சு. காலையிலேயே பெட்டியக் கட்டி வெச்சவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

"சொல்லியிருக்கலாமே."

"நீங்க சொல்லியிருக்கலாமே."

கணவன் டிவி ரிமோட்டைத் தேட ஆரம்பித்தான். (இவனை மட்டும் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. எல்லா வீட்டிலும் இருக்கிறான்.)

ஆனால் அவள் இப்படித்தான் என்று எனக்கு யார் சொன்னது? வேறு மாதிரியும் எழுதிப் பார்க்க வேண்டும், அதுதான் நியாயம். அவள் கதவைச் சாத்தினாள். ஒருவழியாக வீடு தன் கைக்கு வந்ததுபோல் இருந்தது. அப்பா தொட்ட விரிப்பை வாஷிங் மெஷினில்

(முடிக்க மனசு வரவில்லை. அவர் தலை என் தோள்மேல் சாய்ந்திருக்கிறது.)

6

முடிவுகள் கைவசம் இரண்டு இருக்கின்றன. பாதி வழியில் இறங்கி, எதிரே வரும் பேருந்தில் ஏறி மகளிடமே திரும்புகிறார்: சினிமா. மாதக் கடைசியில் முதியோர் இல்லத்தில் சேருகிறார், அங்கேயும் தினமும் காலையில் விரிப்பை மடித்துவைக்கிறார்: இதற்குப் பரிசு கிடைக்கும். இரண்டையும் எழுதவே கூசுகிறது.

அவர் விழித்துக்கொண்டார். தாளை எட்டிப் பார்த்தார். "முடிவு நல்லபடியா வெச்சிடுங்க சார். உங்க கையிலதானே இருக்கு."

7

பேருந்து டீக்கடையில் நிற்கிறது. "பாத்துக்கங்க சார்," என்று பையை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கிப் போயிருக்கிறார். பைக்குள் போன் அடிக்கிறது. எடுத்துப் பார்த்தேன். மகள்.

கதை எழுதும்போது இருந்த தைரியம் இப்போது இல்லை. இந்தப் போனை எடுத்து, அப்பா டீ குடிக்கப் போயிருக்கார், அதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு சொல்லிடறேன் என்று தொடங்கி, வீட்டு விஷயத்தை ஒரே மூச்சில் போட்டு உடைத்துவிடலாம். அவள் நான் முதலில் எழுதிய மகளாக இருந்தால் அவருக்கு ஒரு வீடு கிடைக்கும். இரண்டாவதாக எழுதிப் பாதியில் விட்டவளாக இருந்தால், யாரிடமும் கெஞ்சாமல் அவர் காப்பாற்றிவந்த மானம் என் கையால் போகும். எடுக்காமல் விட்டால் கதைக்கு ஒரு கேடும் இல்லை. அவர் கதிதான் தெரியாது.

அவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். அவள் எந்த மகள் என்பது நம் இருவருக்குமே தெரியாது. நீங்களாக இருந்தால் எடுப்பீர்களா? சீக்கிரம் சொல்லுங்கள். அவர் கிளாஸைக் கொடுத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்புகிறார்.